அப்பாவின் இலையில் வைத்த சிகரெட்

பெரியப்பாவை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதாக ஆக எல்லாருக்கும் மனசு இளகிவிடுகிறது, 'போய்ச் சேர்ந்தவரைப் பற்றி இப்போது என்ன பேச்சு' என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பக்குவம் வரவில்லை. வரவேண்டும் என்று எந்தக் கோயிலிலும் நான் வேண்டிக்கொண்டதும் இல்லை.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அவருக்கு ஒரே அண்ணன், அவர்தான் பெரியப்பா. கிள்ளான் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் டிரெஸ்ஸர். எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் என்றைக்காவது ஒருநாள் காரில் வந்து போவார். மற்ற நாட்களில் காய்ச்சலுக்கு மருந்து கலக்கிக் கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஊசி குத்துவது எல்லாம் டிரெஸ்ஸர்தான். அதனால் எங்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் பெரியப்பா தும்மினால்கூட அதற்கு ஒரு மருத்துவக் காரணம் இருக்கும் என்று நம்பினார்கள். அவரும் அப்படித்தான் நடந்துகொள்வார். கல்யாண வீட்டில் உட்கார்ந்துகொண்டு யாருடைய கண் இமையையாவது கீழே இழுத்துப் பார்த்து, "ரத்தம் பத்தல" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வருவார். வரும்போது அப்பாவுக்கு ஒரு வட்ட டின் சிகரெட் வாங்கி வருவார். "இந்தாடா" என்று நீட்டுவார். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். அண்ணன் முன்னால் புகைக்கக் கூச்சப்படுகிற வீடுகள் உண்டு. எங்கள் வீட்டில் தம்பிக்குப் புகைக்கக் கற்றுக்கொடுத்ததே அண்ணன்தான். இருவரும் ரம்புத்தான் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மாற்றி மாற்றி ஊதுவார்கள். காலியான டின்கள் அம்மாவுக்கு வந்து சேரும். கடுகு, சீரகம், வெந்தயம், மிளகு என்று எங்கள் சமையலறை அலமாரி முழுக்க சிகரெட் டின்தான்.

மத்தியானம் அம்மாவின் கோழிக் குழம்பு. தேங்காயைத் துருவி, கெட்டியாகப் பால் எடுத்து, கடைசியில் ஊற்றி, ஒரு கொதி வரும் முன்பே இறக்கிவிடுவார். குவார்ட்டர்ஸில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் அந்தக் குழம்புக்கு அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அதில் அதிகம் சாப்பிடுகிறவர் பெரியப்பா. "இன்னும் ஒரு கரண்டி போடும்மா" என்று இலையை நகர்த்துவார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில், நான் பள்ளியில் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பிய அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கட்டிலில் உட்கார்ந்தார். "கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றார். நான் தண்ணீரோடு வருவதற்குள் சாய்ந்துவிட்டார். அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

ஹாலில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அம்மா. வீடு நிறைய ஆட்கள். யாரோ ஒருவர், "நல்லாத்தானே இருந்தாரு, திடீர்னு என்ன ஆச்சு?" என்று கேட்டார். பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"ரத்தத்துல கொழுப்பு. நெஞ்சுக் குழாய அடைச்சிருச்சு. எத்தனை வாட்டி சொன்னேன், தேங்காப்பால கொறைங்கடான்னு. கேட்டாத்தானே? சோத்தப் போட்டே கொன்னுட்டா."

அவர் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. இலையை நகர்த்தியதுதான் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? அம்மா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அழுகை அப்படியே நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு சுடுகாட்டுக்குக் கிளம்பும்வரை அம்மா அழவேயில்லை. 'கல் நெஞ்சுக்காரி' என்று அதற்கும் பின்னால் ஒரு பேச்சு வந்தது.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு பிரிக்பீல்ட்ஸிலேயே ஒரு சந்தில் மாடி வீட்டுக்குப் போனோம். அந்த வருஷத் தீபாவளி வந்தது.

எங்கள் பக்கத்தில் தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம், இறந்தவர்களுக்குப் படையல் போடுவோம். படத்துக்கு முன்னால் இலை விரித்து, அவர்கள் உயிரோடு இருந்தபோது எதை ஆசையாகச் சாப்பிட்டார்களோ அதையெல்லாம் வைப்போம். முறுக்கு, வடை, கோழி, ஆடு. குடித்தவர் என்றால் கறுப்பு பீர். புகைத்தவர் என்றால் சிகரெட். சிகரெட்டைச் சும்மா வைக்கக் கூடாது, பற்ற வைத்து வைக்க வேண்டும். உயிரோடு இருக்கிற ஒருவர் வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தால்தானே அது பற்றும்? குடும்பத்தில் மூத்த ஆண் அதைச் செய்வார். நுனி சிவந்ததும் இலையின் விளிம்பில் சாய்த்து வைப்பார். சாம்பல் உதிராமல் நீண்டுகொண்டே போனால், "பாரு, அப்பா இழுக்கறாரு" என்று சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள்.

அம்மா அன்றைக்குக் காலையிலிருந்து யோசித்து யோசித்து, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கோழிக் குழம்பு வைத்திருந்தார். அப்பாவுக்குப் பிடித்தது அதுதானே. கிண்ணத்தோடு கொண்டுவந்து இலையில் வைக்கப் போனார். பெரியப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"அவனைக் கொன்னதையே அவன் எலையில கொண்டாந்து வைக்கிறியா? உள்ள கொண்டு போ."

கொண்டு போனார். பெரியப்பா சட்டைப் பையிலிருந்து சிகரெட்டை எடுத்து, வாயில் வைத்து, பற்ற வைத்து, ஆழமாக இழுத்து, கண்ணை மூடிப் புகையை விட்டு, அப்பாவின் இலையில் வைத்தார். எல்லாரும் கைகூப்பினார்கள். நானும் கூப்பினேன்.

அன்றோடு சரி. தேங்காய் துருவியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார் அம்மா. பிறகு எங்கள் வீட்டுக் குழம்பு தண்ணீராக இருந்தது. எங்களுக்காவது அந்தக் குழம்பு, அவருக்கு ரசமும் அவித்த கீரையும். கல்யாண வீடுகளுக்குச் சமைக்கக் கூப்பிட வந்தவர்களிடம், "எனக்கு இப்பல்லாம் முடியறதில்ல" என்றார். கொஞ்ச நாளில் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். ஒரு கோயில் அன்னதானத்தில் அம்மா கரண்டியைக் கையில் எடுத்ததும், பக்கத்திலிருந்த ஒரு பெண், "நீங்க உக்காருங்கக்கா, நாங்க பாத்துக்கறோம்" என்று வாங்கிக்கொண்டாள். நல்ல மனசோடுகூடச் சொல்லியிருக்கலாம். அம்மா வீட்டுக்கு வந்து, "நான் தொட்டா பயப்படறாங்க" என்றார். இதுதான் பெரியப்பா செய்த காரியம். புருஷன் போன துக்கத்தைக்கூட அம்மா முழுசாகப் படவில்லை. கொன்றுவிட்டோமே என்ற பயமே அவரைத் தின்றது.

நான் படித்து, பயிற்சி முடித்து, கிள்ளானில் ஒரு பெண்கள் பள்ளியில் உயிரியல் ஆசிரியை ஆனேன். இதயத்தைப் படமாக வரைந்து நாலு அறைகளுக்கும் நாலு நிறச் சுண்ணாம்புக் கட்டியில் பெயர் எழுதுவேன். கொலஸ்ட்ரால் பற்றிப் பாடநூலில் இருந்தது ஒன்றிரண்டு வரிதான். அதற்கு மேல் தோண்டிப் பார்க்க எனக்கும் பயம். ஒருவேளை பெரியப்பா சொன்னதுதான் சரியாக இருந்துவிட்டால்?

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், சித்திரை பிறந்த சமயம், பள்ளி ஆபீசுக்கு டெலிபோன் வந்தது. பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பெரியம்மா அதற்கு முன்பே தவறிவிட்டார். மகனுக்குத் தூரத்தில், ஜொகூரில் வேலை. பக்கத்தில் இருக்கிற ஆள் நான்தான். பள்ளி விட்டதும் போனேன்.

வார்டில் ஓர் இளம் தமிழ் டாக்டர் அம்மா. கெட்டிக்காரப் பெண், நிற்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். நான் பக்கத்துப் பள்ளி டீச்சர் என்று சொன்னதும் தலையாட்டிவிட்டு, பெரியப்பாவின் கட்டிலருகே நின்று கண்டிப்பாகப் பேசினார்.

"அங்கிள், பெரிய ஆபத்து இல்ல, தப்பிச்சுட்டீங்க. ஆனா சிகரெட்ட இன்னிக்கே ஸ்டாப் பண்ணணும். கொறைக்கிறேன்லாம் சொல்லாதீங்க லா. உங்க குட் கொலஸ்ட்ரால் ரொம்ப லோவா இருக்கு."

எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. "டாக்டர், தேங்காய்ப்பாலாலயா?" என்று கேட்டேன். பெரியப்பா என் பக்கம் திரும்பவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேங்காப்பாலும் அளவாத்தான் இருக்கணும், டீச்சர். ஆனா அங்கிளுக்கு ஃபர்ஸ்ட் சிகரெட். இத்தனை வருஷமா இழுத்திருக்காரு. சிகரெட் குட் கொலஸ்ட்ரால இறக்கிடும், ரத்தக் குழாயோட உள்சுவரையும் கெடுக்கும்."

"இவரோட தம்பியும் சின்ன வயசுலேர்ந்து இதே மாதிரி புகைச்சவருதான். ஐம்பது ஆகறதுக்குள்ள நெஞ்சடைச்சுப் போயிட்டாரு."

டாக்டர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "நான் பாக்காத பேஷண்ட்டப் பத்தி எப்படிச் சொல்றது டீச்சர்? ஆனா நான் மட்டும் அப்ப இருந்திருந்தா, முதல்ல சமையல்கட்டுக்குப் போயிருக்க மாட்டேன்."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் பெரியப்பா மெல்ல, "பாப்பா" என்றார். "இதெல்லாம் வீட்டுல போய்ச் சொல்லிக்கிட்டிருக்காத."

"எதப் பெரியப்பா?"

"அதான்... ஒங்கம்மா ஏதாவது நெனச்சுக்குவா."

ஏதாவது நினைத்துக்கொள்வாராம்! பத்து வருஷத்துக்கு மேலாக அம்மா நினைத்து நினைத்துச் செத்துக்கொண்டிருந்தது போதாதா? எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டிலையே புரட்டியிருப்பேன். ஆனால் ஆரஞ்சுப் பழத்தை உரித்து, சுளை சுளையாகப் பிரித்து அவர் கையில் கொடுத்தேன். கொடுக்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன். ஊர் கூடிய இடத்தில் சொன்னதை ஊர் கூடிய இடத்தில்தான் திருப்பி வாங்க வேண்டும். நான் வீட்டில் போய்த் தனியாகச் சொன்னால் அம்மா நம்பப் போவதில்லை, 'என்னைத் தேத்தறதுக்காகச் சொல்ற' என்பார். பெரியப்பாவின் வாயிலிருந்தே வர வேண்டும்.

அதற்குப் பிறகு நான் படித்தேன் பாருங்கள், பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. கோலாலம்பூரில் எந்த நூலகத்தில் எந்தத் தடித்த மருத்துவப் புத்தகம் இருக்கிறது என்று தேடிப் போனேன். பழிவாங்க நினைப்பவர்கள் அரிவாளைத் தீட்டுவார்கள், நான் கல்லீரலைப் பற்றிப் படித்தேன்.

படித்ததில் முதலில் என்னை அதிர வைத்தது இது: கொலஸ்ட்ரால் விஷமே இல்லை. உடம்பிலுள்ள ஒவ்வொரு உயிரணுவின் சுவருக்கும் அது வேண்டும். பெரும்பகுதியை உடம்பு தானே தயாரித்துக்கொள்கிறது. அதில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு. ஆனால் அது எண்ணெய்க் குணமுள்ளது, ரத்தமோ தண்ணீர். இரண்டும் ஒட்டாது. அதனால் புரதத்தால் பொதிந்த சின்னச் சின்ன மூட்டைகளில் ஏறித்தான் அது ரத்தத்தில் பயணம் போகும். ஒரு வகை மூட்டை கல்லீரலிலிருந்து சரக்கை வெளியே கொண்டுபோய் உடம்பு முழுக்க விநியோகம் செய்கிறது. அது அளவுக்கு மேல் போனால் ரத்தக் குழாய்ச் சுவரில் தங்கிவிடும். அதைத்தான் கெட்டது என்கிறார்கள்.

நல்லது என்று டாக்டர் சொன்னது எச்.டி.எல். அதன் வேலை எதிர்த்திசையில். கல்லீரலும் சிறுகுடலும் ஒரு புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடுகின்றன. கிளம்பும்போது அது ஏறக்குறையக் காலி. எங்கள் குவார்ட்டர்ஸ் சந்துக்குக் காலையில் வருமே குப்பை லோரி, அது மாதிரி வீடு வீடாகப் போகிறது. உயிரணுக்கள் தங்களுக்கு வேண்டாத கொலஸ்ட்ராலை அதன் மேல் ஏற்றிவிடுகின்றன. ரத்தக் குழாய்ச் சுவருக்குள் கொழுப்பை விழுங்கி உப்பிக் கிடக்கிற அணுக்களும் அதனிடம்தான் சுமையை இறக்கி வைக்கின்றன. ரத்தத்திலேயே இருக்கும் ஒரு நொதி, ஏறிய சரக்கை உள்ளே தள்ளி அடுக்குகிறது. தட்டையாகக் கிளம்பியது உருண்டையாகிவிடும். பிறகு சுமையில் கொஞ்சத்தை வழியில் வேறு மூட்டைகளுக்கு மாற்றிக் கொடுக்கும், மீதியைக் கல்லீரலிடம் நேராகக் கொண்டுபோய் இறக்கும். இறக்கிவிட்டுத் திரும்பவும் சந்துக்குள் போகும். சில நாள் உழைத்து ஓய்ந்த பிறகு அந்தப் புரதத்தைச் சிறுநீரகமும் கல்லீரலும் உடைத்துவிடும். அதற்குள் புதிது வந்துவிடும்.

கல்லீரல் அந்தக் கொலஸ்ட்ராலை என்ன செய்கிறது? பித்தநீராக்குகிறது. பித்தநீர் குடலுக்குப் போய், நாம் சாப்பிட்ட கொழுப்பையே செரிக்க வைக்கிறது. அதில் பெரும்பங்கை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மிச்சம் கக்கூஸ் வழியாக வெளியே போகும். ஆரோக்கியமான மனிதனுக்கு இது தினமும், அவனுக்குத் தெரியாமலே, நடந்துகொண்டிருக்கிறது. நடந்தால் ஓடினால் லோரிகள் கூடும். பெண்களுக்குப் பொதுவாகவே ஆண்களைவிட அதிகம். சிகரெட் பிடித்தால் லோரிகள் குறையும். பிடிப்பதை விட்டால் மெல்ல மெல்ல மறுபடி ஏறும்.

இதைப் படித்துவிட்டு அந்த நூலக மேசையிலேயே அழுதேன். அப்பா ஒவ்வொரு சிகரெட்டாக லோரியைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை டின் டின்னாகக் கொண்டுவந்து கொடுத்தவர், பழியைக் கரண்டி பிடித்த கையின் மேல் போட்டுவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அந்த வருஷம் என் மாணவிகள் பாடத்திட்டத்தில் இல்லாத எச்.டி.எல்லை எல்லாம் படித்தார்கள், பாவம்.

நியாயமாகச் சொல்கிறேன், தேங்காய்ப்பால் அமிர்தம் என்று நான் சொல்ல வரவில்லை. அதுவும் கெட்ட வகையை ஏற்றிவிடக் கூடியதுதான். அப்பா குழம்பைக் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டிருக்கலாம். எச்.டி.எல் என்கிற எண்ணை மட்டும் மருந்தால் ஏற்றிவிட்டால் இதயம் பிழைத்துவிடும் என்பதும் இல்லை என்று பின்னால் வந்த டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். எல்லாம் தெரியும். ஆனால் ஒரே பானையில் நாங்கள் அத்தனை பேரும் சாப்பிட்டோம். அந்த டின்னிலிருந்து எடுத்தவர்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேருக்கும் நெஞ்சு அடைத்தது.

பெரியப்பாவுக்கு நான் அவகாசம் கொடுக்காமல் இல்லை. உடம்பு தேறியதும் பழையபடி வீட்டுக்கு வந்து போனார். ஒவ்வொரு தடவையும் 'இன்றைக்காவது சொல்வாரா' என்று பார்த்திருந்தேன். அம்மா வைத்த தண்ணீர்க் குழம்பைச் சாப்பிட்டு, கை கழுவி, "வரேம்மா" என்று போய்க்கொண்டிருந்தார்.

தீபாவளிக்கு முதல் நாள் வந்தது. இந்த முறை ஒருவர் விடாமல் கூப்பிட்டிருந்தேன். அப்பாவைக் கிடத்தியிருந்த அன்று அந்த ஹாலில் இருந்தவர்கள் எத்தனை பேர் உயிரோடு இருந்தார்களோ அத்தனை பேரும் வர வேண்டும் என்று சுங்கை பூலோவரைக்கும் போய் அழைத்தேன். "என்ன பாப்பா, கல்யாண சேதி ஏதாச்சும் சொல்லப் போறியா?" என்று ஓர் அத்தை கேட்டார். "நல்ல சேதிதான் அத்தை, வாங்க" என்றேன்.

பெரியப்பா வெள்ளைச் சட்டையில் இளைத்துப் போய் வந்தார். சட்டைப் பையில் தம்பிக்கென்று வாங்கிய சிகரெட் பெட்டி. இலை போட்டாகிவிட்டது. சூடம் கொளுத்தும் முன் சிகரெட் வைக்க வேண்டும். அவர் ஒரு சிகரெட்டை உருவி, பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த அத்தை மகனிடம் நீட்டினார்.

"நீ பத்த வைடா, தம்பி."

"அது மொறையில்லையே, பெரியப்பா" என்றேன். "மூத்தவங்கதானே பத்த வைக்கணும்? வருஷா வருஷம் நீங்கதானே வைப்பீங்க."

"தொண்டை சரியில்லம்மா."

"ஒரே ஒரு இழுப்புத்தானே? அப்பா காத்திருக்காரு."

எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு வேறு வழியில்லை. சிகரெட்டை உதட்டில் வைத்தார். தீக்குச்சியைக் கிழித்தார். சுடர் நுனிவரை வந்துவிட்டது, அவர் இழுக்கவில்லை. குச்சி எரிந்து விரலைச் சுட்டது. உதறிப் போட்டுவிட்டு, சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"டாக்டர் வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றார்.

"எந்த டாக்டர்? எதுக்கு?" என்றார் அத்தை. பெரியப்பாவுக்கு மேல் ஒரு டாக்டர் இருப்பதே அவருக்குச் செய்தி.

"பெரியப்பாவுக்கும் அப்பா மாதிரியே நெஞ்சுக் குழாய் அடைச்சிருந்துச்சு, அத்தை" என்றேன். "சித்திரையில ஆஸ்பத்திரியில இருந்தாரு. எதனாலன்னு அவரே சொல்லட்டும். சொல்லுங்க பெரியப்பா. டாக்டர் முதல்ல எத நிறுத்தச் சொன்னாங்க? தேங்காப்பாலையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சாப்பாடும் பாத்துக்கணும்னாங்க..."

"முதல்ல எத?"

"சிகரெட்ட" என்றார்.

நான் விடுவேனா? லோரியை ஓட்டினேன். கல்லீரலில் ஆரம்பித்து, உயிரணு, ரத்தக் குழாய், பித்தநீர் என்று வகுப்பில் நடத்துகிற மாதிரி, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, "புரிஞ்சுதா?" என்று கேட்டுக் கேட்டுச் சொன்னேன். கடைசியில், "இத்தனை வருஷமா எங்கப்பாவக் கொன்னத நாமளே பத்த வச்சு அவர் எலையில வச்சுக் கும்பிட்டிருக்கோம்" என்றேன்.

சமையலறை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. என்னைப் பார்க்கவில்லை. பெரியப்பாவைத்தான் பார்த்தார்.

"சித்திரையிலயா சொன்னாங்க, மாமா?"

அவர் தலையை ஆட்டினார்.

"அதுக்கப்புறம் எத்தனை வாட்டி இங்க வந்து சாப்புட்டுட்டுப் போனீங்க!"

அவ்வளவுதான் கேட்டார். நான் மூச்சு முட்டப் பேசியதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குக் கால்தூசி பெறாது. அம்மா வந்து, தரையில் கிடந்த சிகரெட் பெட்டியை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தார். "இது ஒங்களது. எடுத்துட்டுப் போயிருங்க" என்றார்.

அந்த வருஷம் அப்பாவின் இலையில் சிகரெட் இல்லை. நல்ல நாளும் அதுவுமாக வயசான மனுஷனை இப்படி நிறுத்தி வைத்துக் கேட்கலாமா என்று இரண்டு பேர் என்னிடம் வந்து சொன்னார்கள். பிணம் கிடந்த வீட்டில் வைத்து எங்கம்மாவைச் சொன்னபோது நீங்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். போய்விட்டார்கள். என் வயிறு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த அம்மா, "பாசார்ல சந்தான் கடை தொறந்திருக்குமா?" என்று கேட்டார். பாசார் என்றால் சந்தை. சந்தான் என்றால் தேங்காயை எந்திரத்தில் துருவிப் பிழிந்து பையில் கட்டித் தரும் பால். ஓடினேன். மலாய்க்கார அக்கா கடை திறந்திருந்தது. அம்மா கோழிக் குழம்பு வைத்தார். அப்பாவின் படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் வைத்தார். பிறகு தன் தட்டில் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார்.

"உப்பு பத்தல" என்றார். "கை மறந்துபோச்சு, பாப்பா."

எனக்கு அந்த நிமிஷத்தில், முந்தின நாள் பெரியப்பாவை விட்டது போதாது, இன்னும் கொஞ்சம் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

அதற்குப் பிறகும் அவர் வந்து போனார். அம்மா தடுக்கவில்லை. நாங்கள் எல்லாரும் தேங்காய்ப்பால் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவோம். அவர் இலைக்கு மட்டும் ரசமும் அவித்த கீரையும் வரும். குழம்புச் சட்டியை அவர் எட்டிப் பார்த்தால், அம்மா அவ்வளவு மரியாதையாக, "ஒங்க ஒடம்புக்கு ஆகாது மாமா. சாப்பாடு பாத்துக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல?" என்பார். என்னைவிடக் கெட்டிக்காரி. நான் ஒரு சாயங்காலத்தில் முடித்துவிட்டதை அம்மா வருஷக்கணக்கில் பரிமாறினார்.

சிகரெட்டை விட்ட பெரியப்பா காலையில் நடக்கப் போக ஆரம்பித்தார். நல்ல கொலஸ்ட்ரால் கொஞ்சம் ஏறியிருப்பதாக ஒருநாள் அவரே சொன்னார். அதிலும் எனக்கு ஆத்திரம்தான். இவருக்குச் சொல்ல ஒரு டாக்டர் இருந்தார். எங்கப்பாவுக்குச் சொல்ல இவர் இருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் போனார். வயதாகித்தான் போனார். முதல் தீபாவளிப் படையலுக்கு ஒரு வாரம் முன்னால், கிள்ளானிலிருந்து அவருடைய மருமகள் அம்மாவுக்குப் போன் செய்தாள். ஜொகூரிலிருந்து அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார்கள், அவளுக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது.

"சின்னத்தை, மாமாவுக்கு என்ன ரொம்பப் பிடிக்கும்? என்ன வைக்கிறது?"

"நீ ஒண்ணும் பண்ணாத. நான் கொண்டு வர்றேன்" என்றார் அம்மா.

அன்றைக்குக் காலையில் அம்மா சந்தான் வாங்க விடவில்லை. முழுத் தேங்காய் வாங்கி வரச் சொல்லி, உடைத்து, இரவல் துருவியில் கையாலேயே துருவி, கெட்டியாக முதல் பால் மட்டும் எடுத்தார். தூக்குச்சட்டியில் ஊற்றி, மடியில் வைத்துக்கொண்டு என் காரில் கிள்ளான்வரை வந்தார். பெரியப்பாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டிருந்தது. அம்மா குனிந்து, சோற்றின் நடுவில் குழி செய்து, குழம்பை நிறைய ஊற்றினார்.

"சாப்புடுங்க மாமா" என்றார். "இனிமே ஒண்ணும் ஆகாது."

மருமகள் அதைப் பாசம் என்று எண்ணிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அம்மாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கி, இன்னும் ஒரு கரண்டி போட்டேன்.